ஏலமலையில் குடியேறியவர்கள்

போடிநாயக்கனூருக்கு வடமேற்கே கொட்டகுடி ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை, மாந்தோப்புகளையும் இலவந்தோப்புகளையும் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்தான சரிவில் முட்டி நிற்கும் இடத்தில் குரங்கணி என்னும் சிற்றூர் இருக்கிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி இச்சரிவில் மூண்ட காட்டுத் தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களுள் 23 பேர் உயிரிழந்த துயரத்தினால் இவ்வூரின் பெயர் நாடெங்கும் தெரியலாயிற்று. அவர்கள் நடந்த மலைத்தடங்கள் உல்லாசத்துக்காக உண்டானவை அல்ல. வயிற்றுப்பாட்டுக்காகச் சமவெளியை விட்டு மேலேறிய ஜனங்களும், அவர்களுக்கு அரிசி சுமந்த பொதிமாடுகளும் நடந்து நடந்து தேய்ந்த தடங்கள் அவை. அந்த ஜனங்களில் யார் முறைப்படி குடியேறியவர், யார் அத்துமீறி நுழைந்தவர் என்னும் வழக்கு, இம்மலைகளில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்து இன்றளவும் ஓயாமல் நடக்கிறது. அந்த வழக்கின் சரித்திரத்தைப் பார்க்குமிடத்து ஒரு விஷயம் மனத்தில் தைக்கிறது. பூசல்களுள் மிகக் கடுமையானவை பரம்பரை விரோதிகளிடையே எழவில்லை. ஒழுங்கும் உடைமையும் தெய்வபக்தியும் நிலைக்கவேண்டும் என்று ஒரே குரலில் சொன்னவர்களின் வீட்டுக்குள்ளேயே அவை எழுந்தன.

மலையின் ஆதிக்குடிகள் என்று நாம் கருதுகிற முதுவர்களே, தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு இக்காடுகளுக்கு வந்தவர்கள் என்றுதான் பரம்பரைக் கதை சொல்கிறார்கள். குரங்கணிக்கு மேலேயுள்ள முதுவாக்குடியில் இன்றும் அவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களை அழைத்தது ஏலம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏலக்காய் நெடுங்காலம் சர்க்காரின் ஏகபோகப் பொருளாக இருந்தது. விளைந்த காயை அரசாங்கத்தின் பண்டகசாலையில் ஒப்படைத்துக் குடிகள் தங்கள் பங்கைப் பெற்றார்கள். 1822-ஆம் ஆண்டிலேயே, ராணி பார்வதி பாயின் காலத்தில், ஏலமலைகளில் வந்து சாகுபடி செய்யுமாறு குடிகளை அழைத்து ஓர் அரச விளம்பரம் வெளியாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் மேலேறியவர்கள் அந்த அழைப்பை நம்பியே ஏறினார்கள். மேலே சமஸ்தானம், கீழே சென்னை ராஜதானி என்று பூமி இரண்டு அதிகாரங்களுக்கு உட்பட்டிருந்தபோதிலும், காய் எடுப்புக் காலத்தில் மேலேறி, அது முடிந்ததும் கீழிறங்கும் குடியானவனை நீ எந்த ராஜ்யத்தின் பிரஜை என்று எவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

1877 ஜூலை 11-ஆம் தேதி பூஞ்சாற்று ராஜா கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்ததும் நிலைமை வேறு உருவம் கொண்டது. சின்கோனாவும் காப்பியும் பரீட்சிக்கப்பட்டு, இறுதியில் தேயிலை ஸ்திரமாக வேரூன்றிற்று. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டது. இத்தனை ஆயிரம் ஏக்கர் காட்டை வெட்டித் திருத்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த கரிசல் பூமியிலிருந்து, ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, குடும்பம் குடும்பமாகப் போடிக்கு வந்து, மலையேறி, லயங்கள் என்னும் கம்பெனி வரிசைவீடுகளில் அடைந்தார்கள். அவர்கள் ஒளிந்து வந்தவர்கள் அல்லர். பெயர் பதிந்து, கடன் பதிந்து, காலையில் பிரட்டுக்களத்தில் எண்ணப்பட்டு, கம்பெனியின் பேரேட்டில் நாள்தோறும் வரவு வைக்கப்பட்டவர்கள்.

அந்நாளில் மலையின் முகம் கிழக்கு நோக்கியே இருந்தது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் பிற்காலத்து வழக்கில் இது முற்றிலும் மறக்கப்பட்டுவிட்டது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் காளைகள் இழுக்கும் வண்டிப்பாதை அமைந்தது. 1908-இல் அது சிறு ரயில் பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடியே குரங்கணியை அடுத்த அடிவார நிலையத்துக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டியில் போடிக்கும், அங்கிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கும், முடிவில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சென்று கப்பலேறின. தேயிலை இறங்கிய வழியிலேயே அரிசி மேலேறிற்று. ஒரு பெருந்தொழில் முழுவதும் இந்தச் சரிவை நம்பி நடந்தது. 1924 ஜூலையில் பெய்த பேய்மழை அந்த ரயில் பாதையை அடியோடு வாரிச் சென்றது. அதன் பின்பு மேற்குப் பக்கத்தில் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குப் புதிய சாலை அமைந்து 1931-இல் திறக்கப்பட்டதும், மலை தன் முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டது. போடிக்கு 1928-இல் ரயில் வந்துவிட்டபோதிலும், திரும்பிய முகம் திரும்பியதுதான். குரங்கணியின் சரக்கு வியாபாரம் மெல்லத் தேய்ந்தது. ஆனால் ஆட்கள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தார்கள்.

மேற்கிலிருந்து ஜனங்கள் பெருவாரியாக ஏறத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். இரண்டாவது உலக யுத்தத்தில் 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், ரங்கூன் அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில் பட்டினி தலைவிரித்தாடிற்று. உணவு விளைவிப்பதற்காகக் காட்டு நிலங்களைக் குத்தகைக்கு விட சமஸ்தான சர்க்கார் முன்வந்தது. மத்திய திருவிதாங்கூரின் சிறு விவசாயிகள், பெரும்பாலும் சிரியன் கிறிஸ்தவர்கள், இருந்த அற்ப நிலத்தை விற்றுவிட்டு, மனைவி மக்களோடும் மரவள்ளிக் குச்சிகளோடும் ஹைரேஞ்ச் எனப்படும் இம்மலைநாட்டுக்கு வந்தார்கள். மலைக்காய்ச்சலும் யானையும் அவர்களில் பலரைக் கொன்றன. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முதலில் வந்தவர்கள் அனுமதியோடு வந்தார்கள். அவர்களைப் பின்பற்றி வந்த பதின்மடங்கு பேருக்கு அனுமதி என்று ஒன்று இருந்ததா என்பதைச் சர்க்கார் நெடுங்காலம் விசாரிக்கவில்லை.

இனி வழக்கின் முதல் கட்டத்துக்கு வருவோம். நேசமணி முதலியோர் தலைமையில் இயங்கிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் பெரும்பான்மையாக வாழும் தெற்கத்தித் தாலுக்காக்களும், இம்மலைகளைச் சேர்ந்த தேவிகுளமும் பீர்மேடும் சென்னை ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்று கோரியது. கதர் உடுத்தி, காந்தியடிகளின் பெயரைச் சொல்லி, சொத்துரிமையையும் சமய ஒழுக்கத்தையும் போற்றிய இந்தக் கட்சி, கொள்கையளவில் திருவிதாங்கூர்-கொச்சிக் காங்கிரஸிலிருந்து எள்ளளவும் வேறுபட்டதன்று. வேற்றுமை எல்லை ஒன்றில்தான். 1954-ஆம் ஆண்டுத் தேர்தலில் அது 12 இடங்களை வென்றது. அவ்வாண்டில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த பட்டம் தாணுப்பிள்ளை, காங்கிரஸின் ஆதரவைக் கொண்டு மந்திரிசபை அமைத்தார். ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறிய நேசமணியும் சகாக்களும் கைதானார்கள். ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். தன் கட்சியின் மந்திரிசபை தன் குடிகளைச் சுட்டதைப் பொறாத ராம் மனோகர் லோகியா, தாம் அக்கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தும், சிறையிலிருந்தபடியே அந்த மந்திரிசபையை ராஜினாமா செய்யும்படி கேட்டார். மந்திரிசபை இணங்கவில்லை. லோகியாவும் அக்கட்சியும் பிரிவதற்கு அது வித்தாயிற்று. அவருடைய அந்தத் துணிவை நினைக்குந்தோறும் எனக்கு வணக்கமே தோன்றுகிறது.

அதே காலத்தில்தான் ஹைரேஞ்சில் மலையாளக் குடும்பங்களைச் சர்க்கார் செலவில் குடியேற்றும் திட்டம் தொடங்கிற்று. கல்லாற்றில் ஏற்பட்ட குடியேற்றத்துக்குப் பட்டம் காலனி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. உணவுப் பஞ்சமே காரணம் என்று சர்க்கார் சொல்லிற்று. மக்கள்தொகையின் விகிதத்தை மாற்றுவதே நோக்கம் என்று தமிழர் தலைவர்கள் சொன்னார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாகாது என்று எந்த விதியும் இல்லை.

பஸல் அலி, குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவர் அடங்கிய ராஜ்ய புனரமைப்புக் கமிஷன் 1955 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் அறிக்கையைக் கொடுத்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டையும் சென்னைக்குத் தரப்பட்டன. தேவிகுளமும் பீர்மேடும் மறுக்கப்பட்டன. மறுப்புக்குச் சொன்ன காரணங்களுள் முக்கியமானது, அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலின் பொருட்டு வந்துபோகிறவர்கள், நிலையான குடிகள் அல்லர் என்பதாகும். இந்த ஒரு வாக்கியத்தின் கனத்தை வாசகர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும். இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறையாக லயத்திலேயே பிறந்து லயத்திலேயே இறந்த ஜனங்கள் வந்துபோகிறவர்கள் ஆனார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் வாங்கவும் வழியின்றிக் கம்பெனி வீட்டிலேயே அவர்கள் வைக்கப்பட்டிருந்ததே, அவர்கள் நிலையற்றவர்கள் என்பதற்குச் சாட்சியமாயிற்று.

அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி காமராஜர். அவரும் காங்கிரஸ், நேசமணி விரும்பியதும் காங்கிரஸ் ஆட்சியிலுள்ள சென்னையோடு சேர்வதையே. பிரிந்து நின்றவர்கள் தேச ஐக்கியத்துக்கு எது நன்மை என்பதில் பிரிந்தார்கள். இந்தியாவுக்குள்ளேயே இருக்கும் நிலத்துக்காக இரண்டு ராஜ்யங்கள் மோதுவது தேசத்தைப் பலவீனப்படுத்தும் என்பது காமராஜர் பக்கத்து நியாயம். தன் ஜனங்களைக் காக்காத ஐக்கியம் எத்தனை நாள் நிற்கும் என்பது நாகர்கோவிலின் பார்லிமெண்ட் அங்கத்தினராக இருந்த நேசமணியின் கேள்வி. எல்லைக்காகவே பாடுபட்ட ம.பொ.சிவஞானம், காங்கிரஸில் நெடுநாள் உழைத்தும் முடிவில் அதனின்று விலக நேர்ந்தது. காமராஜரின் தேசபக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் மலைமேலிருந்த தொழிலாளியின் பெயரால் அவர் இன்னும் ஒருமுறை டில்லியின் கதவைத் தட்டியிருக்கலாம் என்றே நினைக்கிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லை நின்ற இடத்தில் நின்றுவிட்டது. அதன் விந்தையை இன்றும் கொழுக்குமலையில் காணலாம்: அந்தத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, அதற்கு வண்டிப்பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாக மட்டுமே உண்டு.

இத்தகைய உட்பூசலுக்குச் சகோதர உதாரணம் கடல் கடந்தும் இருக்கிறது. இதே கரிசல் பூமியிலிருந்து, இதே கங்காணி முறையில், இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனவர்களை 1948-ஆம் ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழ்த் தலைவர்கள் ஆங்கிலக் கல்வியும் வக்கீல் தொழிலும் கொண்ட மிதவாதிகள். அவர்களில் ஜி. ஜி. பொன்னம்பலம் அவ்வாண்டிலேயே சேனநாயக்காவின் மந்திரிசபையில் சேர்ந்தார். செல்வநாயகம் அதை ஏற்காது பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். தோட்டத் தொழிலாளியின் பிரஜா உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள் நாளைக்கு எதை விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய வாதம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த ஜனங்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

ஏலமலைக்குத் திரும்புவோம். வழக்கின் இரண்டாவது கட்டம் முன்னதைவிட ஆச்சரியமானது. 1959-இல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக விமோசன சமரம் என்னும் கிளர்ச்சி நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சமூகத் தலைவர்களும் காங்கிரஸும் ஒன்றாய் நின்று நடத்திய அக்கிளர்ச்சியின் பலனாக, 1960-இல் பட்டம் தாணுப்பிள்ளை காங்கிரஸோடு கூட்டுச் சேர்ந்து மறுபடியும் முதல் மந்திரியானார். அக்கிளர்ச்சியில் முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் திருச்சூரைச் சேர்ந்த வடக்கன் பாதிரியார். கம்யூனிஸத்தை நாஸ்திகம் என்று கண்டித்து ஊர் ஊராகப் பேசியவர்.

தாம் கொண்டுவந்த ஆட்சியே 1961 மே மாதத்தில் அய்யப்பன்கோவிலில் குடியேறியிருந்த விவசாயிகளை வெளியேற்றியதை அவர் கண்ணால் பார்க்க நேர்ந்தது. இடுக்கி மின்திட்டத்தின் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் அது. குடியிருந்தோர் சர்க்கார் நிலத்தில் சட்டவிரோதமாகப் புகுந்தவர்கள். சட்டம் சட்டமாகவே நடக்கவேண்டும் என்பது மந்திரிசபையின் நிலை. அதில் நியாயமே இல்லை என்று கூறமுடியாது. காடு அழிந்தால் பெரியாற்றில் நீர் ஏது? ஆனால் நடந்த விதம் கொடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெண்டு பிள்ளைகளோடும் முதியவர்களோடும், குடிசைகள் அழிக்கப்பட்டுக் குமுளியை அடுத்த அமராவதியில் கொண்டுபோய் விடப்பட்டன. அந்தக் கூட்டத்தில் பலர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஆட்சி வரவேண்டுமென்று தேவாலயங்களில் ஜபம் செய்தவர்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிற்று. ஜூன் 6-ஆம் தேதி, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் அமராவதியில் உண்ணாவிரதம் தொடங்கினார். தம் வாழ்நாள் விரோதியின் பந்தலுக்கு வடக்கன் பாதிரியார் சென்று உடன் நின்றார்.

பழமையைப் பேணியவர்களின் வீடு அன்று இரண்டுபட்டது. சட்டத்தின் மாட்சிமையைக் காப்பதே தர்மம் என்று ஒரு சாராரும், உழுது விளைவித்தவனின் குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவது எந்த மதத்துக்கும் ஒவ்வாத பாவம் என்று மற்றொரு சாராரும் நின்றார்கள். இரு தரப்பாரும் ஒரே வேதத்தை வாசித்தவர்கள். ஒரே கூட்டணிக்கு வாக்களிக்கச் சொன்னவர்கள். பாதிரியார் பின்னர் மலைநாட்டு விவசாயிகளுக்கென ஒரு சங்கத்தையும், அதன்மேல் ஒரு கட்சியையும் கண்டார். தம் மேலோரின் அதிருப்தியையும் தாங்கிக்கொண்டார். 1964-இல் காங்கிரஸ் பிளந்து கேரளா காங்கிரஸ் பிறந்ததற்கு வேறு காரணங்கள் பல உண்டு. எனினும் நாளடைவில் அது மலைக் குடியேறிகளின் கட்சியாகவே வளர்ந்தது. அதன் பின்பு வெளியேற்றம் என்ற வார்த்தையை உச்சரிக்கவும் ஆட்சியாளர் அஞ்சினர். 1977 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் காட்டு நிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டா வழங்கலாம் என்ற ஏற்பாடு நாளடைவில் ஏற்பட்டு, 1993-இல் அதற்கென்று தனி விதிகளும் இயற்றப்பட்டன.

நான் அந்தப் பட்டாக்களைக் குறை கூறவில்லை. மண்ணோடு போராடிய குடியானவனுக்கு மண் கிடைத்தது நல்லதே. ஆனால் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது. அனுமதியின்றி வந்தவனுக்குத் திருச்சபை இருந்தது, கட்சி இருந்தது, வாக்கு இருந்தது. அவன் காலப்போக்கில் நிலைக்குடி ஆனான். முன்பணமும் கையொப்பமும் கொடுத்து அழைத்துவரப்பட்டவனுக்கு லயமும் பேரேடும் மட்டுமே இருந்தன. அவன் வந்துபோகிறவனாகவே எழுதப்பட்டான். அவனுக்காகப் பேசிய கட்சியும் 1956-க்குப் பின் தன் நோக்கத்தில் பெரும்பகுதி நிறைவேறிவிட்டதென்று கலைந்து காங்கிரஸில் கரைந்துபோயிற்று. கன்னியாகுமரி கிடைத்த மகிழ்ச்சியில் மலையில் விடுபட்டவர்களைத் தமிழகம் நினைக்கவில்லை.

நினைக்காததன் பலனை 2011 டிசம்பரில் கண்டோம். முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய இரு ராஜ்யங்களின் பூசல் உச்சத்துக்கு ஏறியபோது, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, பயந்து காட்டுத் தடங்கள் வழியே தேவாரத்துக்கும் போடிக்கும் நடந்து இறங்கினார்கள். பாட்டன் ஏறிய சரிவில் பேரன் மூட்டையோடு இறங்கினான். சில வாரங்களில் பூசல் தணிந்தது. தணிந்ததும் அவர்களே மறுபடியும் ஏறினார்கள், ஏனெனில் ஏலக்காயைப் பறிக்க வேறு கை இல்லை. அவர்களுக்கும் வேறு கூலி இல்லை. விடிவதற்கு முன் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து மேலே போய், மாலையில் இறங்கும் பெண்களின் கூட்டம் இன்றைக்கும் குறையவில்லை. அண்மைக் காலமாக அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளரும் அதே தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். போடி மேட்டுத் தேநீர்க் கடைகளில் அவர்களைக் குறித்துச் சிலர் சந்தேகத்தோடு பேசும் பேச்சைக் கேட்டால், நம்மவரைப் பற்றி அன்று பேசப்பட்ட பேச்சின் வாசனையே அடிக்கிறது. பேசுகிறவர்கள் தங்கள் பாட்டனின் கதையைத் தெரிந்துகொண்டு பேசவேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுத நேர்ந்தது.

2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அனைவரும் தமிழர்கள்; பலருடைய பூர்வீகம் கயத்தாற்றுப் பக்கம். பல தலைமுறைகளாக அம்மலையில் உழைத்த குடும்பங்களுக்குச் சொந்த நிலம் என்று ஒன்று கிடைத்தது அதற்குப் பிறகுதான். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்கு மூணாற்றை அடுத்த குட்டியாறு பள்ளத்தாக்கில், ஆளுக்கு ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டித் தந்தார்கள். மற்ற லயங்களில் இருப்பவர்கள் ஓய்வுபெறும் நாளில் சாவியைக் கம்பெனியிடம் ஒப்படைக்கவேண்டும். அவர்களுக்கும் அந்த ஐந்து சென்ட்டைக் கேட்டு வாங்கித் தருவது இரண்டு ராஜ்யங்களின் சர்க்கார்களுக்கும் உரிய கடமை. அதைக் கேட்க இன்னொரு மலை சரியவேண்டியதில்லை.